மழைக்கு எந்த ஊர் நேரம்?

மழை வரும் என்று சொன்னவன் நெடுஞ்செழியன். வராத மழைக்குத் திட்டு வாங்கியவள் அவன் மனைவி சுடர்விழி. குரல் அவளுடையது என்பதைத் தவிர அவள் செய்த குற்றம் ஒன்றுமில்லை.

ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, புது ஆற்றுப் பாசனத்தில் இருக்கிற அந்த ஊரில், மாடி அறையில் உட்கார்ந்தபடியே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறவன் நெடுஞ்செழியன் ஒருவன்தான். என்ன வேலை என்று கேட்டால் ஊர் "கம்ப்யூட்டர்ல ஏதோ" என்று சொல்லும். பல நாள் அவனுக்கே அதற்கு மேல் தெரியாது. ஊருக்குப் புரிகிற மாதிரி உருப்படியாக ஒரு காரியம் செய்துவிட வேண்டும் என்ற ஆசை போன ஐப்பசியில் அவனைப் பிடித்தது. பிடித்தது விடவில்லை. மறுநாள் மழை உண்டா இல்லையா என்று தினமும் சாயங்காலம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் குரலில் சொல்லும்படி ஓர் ஏற்பாடு செய்தான்.

குரலுக்குச் சுடர்விழியைப் பிடித்தான். அவள் சமைத்துக்கொண்டே இரண்டு வாக்கியம் பதிவு செய்து கொடுத்தாள். "நாளைக்கு மழை இல்லைங்க, தாராளமா வேலையப் பாருங்க" என்பது ஒன்று. "நாளைக்கு மழை உண்டுங்க, அறுப்பு வேணாம், நெல்லு காயப்போட வேணாம்" என்பது இன்னொன்று. இரண்டாவதன் கடைசியில் குக்கர் விசில் அடித்துவிட்டது. இன்னொரு தடவை பேசு என்று கெஞ்சினான்.

"சாம்பாரா, மழையா? எது வேணும், சொல்லுங்க."

விசிலோடே விட்டுவிட்டான். கொஞ்ச நாளில் யாரும் வாக்கியத்தைக் கேட்பதில்லை. விசில் வருகிறதா என்று மட்டும் காத்திருந்து, வந்தால் தார்ப்பாயைத் தேடப் போனார்கள்.

இந்த ஏற்பாட்டில் நெடுஞ்செழியனின் சொந்தச் சரக்கு மிகவும் குறைவு. வானிலைக் கணிப்பை இலவசமாகத் தரும் ஒரு சேவை இணையத்தில் இருக்கிறது. அதனிடம் நேராகப் போய்க் கேட்பது தாலுகா ஆபீஸில் மனு கொடுப்பது மாதிரி. எந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டும், எதை விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தானே ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருகிறவர் உட்கார்ந்திருக்கிறார்? நாம் வாய்க்கு வந்தபடி சொன்னால் போதும். அவர் முறைப்படி எழுதி உள்ளே கொடுத்து, வந்த பதிலை நமக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிடுவார். கம்ப்யூட்டர் உலகத்தில் அந்த வேலையைச் செய்யும் நிரலுக்கு லைப்ரரி என்று பெயர். யாரோ ஒரு புண்ணியவான் அதை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், திறந்து பாருங்கள், ஓட்டை இருந்தால் அடைத்துக் கொடுங்கள் என்று பொதுவில் வைத்திருந்தார். நெடுஞ்செழியன் எடுத்துக்கொண்டான். திறந்து பார்க்கவில்லை. ஓசியில் கிடைத்ததைப் பிரித்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்று நினைத்தானோ என்னவோ.

ஐப்பசி, கார்த்திகை முழுக்கத் தினமும் விசில் அடித்தது, தினமும் மழை பெய்தது. அதில் தப்பு செய்யவே இடமில்லை. ஊரில் அவன் பேர் ஏறிக்கொண்டே போயிற்று. கல்யாண வீட்டில் பந்தல்காரர் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தார்.

தை பிறந்து சம்பா அறுப்பு வந்தபோதுதான் வினை.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் விசில் அடித்தது. மறுநாள் அறுப்பதாக இருந்த சாவித்திரி, முன் வயல் தங்கையனிடமும் கேட்டுக்கொண்டு, ஆத்தூர்ப் பக்கமிருந்து வந்து நின்ற அறுவடை மிஷினை, "மழை வருதாம், நாளன்னைக்கு வாங்க" என்று பக்கத்து ஊருக்கு அனுப்பிவிட்டாள். வியாழக்கிழமை வானம் துடைத்துவைத்த எவர்சில்வர் தட்டு மாதிரி இருந்தது. அன்று சாயங்காலம் விசில் இல்லை. "தாராளமா வேலையப் பாருங்க" என்று சுடர்விழி மகிழ்ச்சியாகச் சொன்னாள். வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்னால் கொட்டித் தீர்த்தது. பொழுது விடிந்து மிஷின் வந்தது. தங்கையன் வயலில் இறங்கிய மாத்திரத்தில் சேற்றில் உட்கார்ந்துகொண்டது.

தங்கையன் வயலில் ஏன் இறங்கியது என்றால், சாவித்திரி வயலுக்குத் தனிப் பாதை கிடையாது. சாலையை ஒட்டி இருப்பது தங்கையன் வயல், அதற்குப் பின்னால் சாவித்திரி வயல். அவர் அறுத்தபிறகு அந்த வெறும் வயல் வழியாகத்தான் மிஷின் உள்ளே போக முடியும். நிற்கிற பயிரை நசுக்கிக்கொண்டு யாரும் வண்டி விடமாட்டார்கள். ஆகவே அந்தப் பக்கத்தில் அறுப்பு நாள் என்பது தங்கையன் வைக்கிற நாள்தான். மிஷினை டிராக்டரில் கட்டி இழுத்ததில் அவருடைய வரப்பு சரிந்தது. கூடவே முகமும் சரிந்தது.

சாவித்திரிக்கு அதைவிட மோசம். அவள் பயிர் அந்த மழையில் மொத்தமாகச் சாய்ந்துவிட்டது. சாய்ந்த கதிர் ஈரத்தில் கிடந்தால் அப்படியே முளை விட்டுவிடும். முளைத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அவள் கணவர் குவைத்தில் இருக்கிறார். அந்த வயலைக் குத்தகைக்கு எடுத்து அவள் பயிர் வைத்தது முழுக்க முழுக்க அவளுடைய பிடிவாதம். "உன்னால முடியாது" என்று அவர் வாராவாரம் அங்கிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். முதல் போகம் இது.

சனிக்கிழமை காலையில் சாவித்திரி நெடுஞ்செழியன் வீட்டுக்கு வந்தாள்.

"தம்பி இருக்கா?"

"மாடியில இருக்காருக்கா" என்றாள் சுடர்விழி. "போய் நல்லா திட்டுங்க. என் பங்கு சந்தையிலயே முடிஞ்சிபோச்சு. கீரைக்காரம்மா கூட, 'என்னம்மா, இன்னைக்கு மழை உண்டா, விசில் அடிச்சுக் காட்டேன்'ங்குது."

நெடுஞ்செழியன் மன்னிப்புக் கேட்கத் தயாராக இருந்தான். மூன்று விதமாக யோசித்து வைத்திருந்தான். எதற்கும் வேலை இல்லாமல் போயிற்று. சாவித்திரி நாற்காலியில் உட்கார்ந்து, மின்விசிறியைக் கொஞ்சம் வேகமாக வைக்கச் சொன்னாள்.

"அடுத்த மழை எப்பன்னு சொல்லு தம்பி."

"அக்கா?"

"அடுத்த மழைக்கு முன்னால அறுத்தாகணும். அது ரெண்டாவது தடவ நனைஞ்சிதுன்னா நான் மாட்டுக்குத்தான் போடணும். அதுக்கும் மாடு வாங்கணும். எப்பன்னு சொல்லு. இந்தத் தடவ சரியா சொல்லு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். இன்னும் தன்னையே கேட்கிறாளே என்பதைத்தான் தாங்க முடியவில்லை. "பாத்துச் சொல்றேங்கக்கா" என்றான். சாதாரணமாக அவள் நீ வா போ என்பாள், அவன் அக்கா என்பான், மரியாதை எல்லாம் அவ்வளவுதான். அன்று வந்த 'ங்க'வைக் கேட்டு அவளே ஒரு மாதிரி பார்த்தாள்.

அவள் போனதும் முதல்முறையாக அந்த லைப்ரரியைத் திறந்து படித்தான்.

நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். பொறாமைப்படும்படி எழுதியிருந்தார்கள். ஆனால் மனுவில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. 'ஒரு நாள் என்பதை எந்த ஊர் நேரப்படி கணக்கிட வேண்டும்?' என்ற கட்டம். அதைக் காலியாக விட்டால் ஆபீஸ் தன் இஷ்டத்துக்கு லண்டன் குளிர்கால நேரத்தை எழுதிக்கொள்கிறது. நமக்கு வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை ஆகும்வரை அங்கே வியாழக்கிழமைதான். வெள்ளிக்கிழமை விடியற்காலை பெய்ய இருந்த மழையை வியாழக்கிழமைக் கணக்கில் எழுதிவிட்டது. பகலெல்லாம் வெயில் அடித்த வியாழனுக்கு விசில், விடியலில் வயலை நனைத்த வெள்ளிக்குத் தாராளம். பொய் ஒன்றும் இல்லை. மழை பெய்தது உண்மை, நாளும் அவர்கள் கணக்கில் உண்மை. சாவித்திரி வயல் மட்டும் லண்டனில் இல்லை.

நெடுஞ்செழியன் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு, திருத்துவது சுலபம் என்று தெரிந்ததும், அதே தலை கொஞ்சம் நிமிர்ந்தது. காலிக் கட்டத்தில் இந்திய நேரம் என்று எழுதினான். தன் கம்ப்யூட்டரில் மட்டும் திருத்திக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் ஓட்டை பொதுச் சொத்தில் இருக்கிறது. உலகத்துக்கே ஒரு உபகாரம் செய்துவிடுவோம் என்று, "இந்தத் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளவும்" என்ற விண்ணப்பத்தோடு லைப்ரரியின் சொந்தக்காரருக்கு அனுப்பிவைத்தான். அனுப்பிவிட்டுக் கீழே இறங்கி வந்து, உலகத்தின் மழையைச் சரிசெய்துவிட்டதாகச் சுடர்விழியிடம் சொன்னான்.

"முதல்ல மாடித் தண்ணி டேங்க் ஒழுகுது, அதைச் சரிபண்ணுங்க" என்றாள்.

சொந்தக்காரருக்குப் பெயர் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தும் எண்ணும் கலந்து ஏதோ இருந்தது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஆட்டின் படம் இருந்தது. வெள்ளை ஆடு, ஒரு காது மட்டும் கறுப்பு, நேராகப் பார்க்கிற பார்வை. மறுநாளே பதில் எழுதியிருந்தார். ஆங்கிலத்தில்தான், நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்:

'ரொம்ப நன்றி. இந்தக் கட்டத்தை நான் கவனித்ததே இல்லை. நான் இருப்பது கானாவில். எங்கள் ஊர் நேரமும் லண்டன் குளிர்கால நேரமும் ஒன்றுதான். அதனால் எனக்கு எல்லாம் சரியாகவே வந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு சந்தேகம். உங்கள் திருத்தத்தைச் சேர்த்தால் இனி நானும், பிரேசில்காரர்களும், ஜப்பான்காரர்களும் உங்கள் ஊர் நேரப்படிதான் தூங்கி எழ வேண்டும். எனக்கு ஆட்சேபம் இல்லை. மனைவியைக் கேட்க வேண்டும்.'

நெடுஞ்செழியன் அதை இரண்டு தடவை படித்தான். காதெல்லாம் சூடாகிவிட்டது. கானாக்காரர் உலகமெல்லாம் கானா என்று நினைத்ததற்குத் தலையில் அடித்துக்கொண்டவன், அதைத் திருத்துகிறேன் என்று உலகமெல்லாம் ஒரத்தநாடு என்று எழுதி அனுப்பியிருக்கிறான். தஞ்சாவூர்க்காரனுக்கு உலகம் வெண்ணாற்றில் தொடங்கிப் புது ஆற்றில் முடிந்துவிடும் என்று கல்லூரியில் சேலத்துப் பையன்கள் கேலி செய்வார்கள். அவர்கள் கையில் இது கிடைக்காமல் இருக்க வேண்டும்.

இரண்டாவது தடவை ஒழுங்காக எழுதினான். கேட்கிறவர் எந்த ஊருக்கு மழை கேட்கிறாரோ, அந்த ஊர் நேரத்தை லைப்ரரியே பார்த்துக் கட்டத்தில் நிரப்பிவிடும். ஆட்டுக்காரர் (வீட்டில் அவருக்கு அந்தப் பேர் நிலைத்துவிட்டது) பார்த்தார், ஒரு பாராட்டுச் சொன்னார், இன்னொன்றும் கேட்டார்:

'இந்தக் கட்டத்தை நாளைக்கு யாராவது மறுபடி காலியாக விடக்கூடும். ஒரு சோதனையும் எழுதிச் சேர்த்துவிடுங்களேன். விடியற்காலையில் மழை பெய்த உண்மையான நாள் ஏதாவது உங்களுக்குத் தெரியுமா?'

நெடுஞ்செழியனுக்கு அப்படி ஒரு நாளை மறக்கவே முடியாது. அந்த வியாழனையும் வெள்ளியையும் எடுத்து, மணிவாரியாக மழைக் கணக்கை வைத்து, இந்த ஊருக்கு வியாழக்கிழமை மழை இல்லை, வெள்ளிக்கிழமை உண்டு என்று பதில் வந்தால்தான் தேறும் என்று சோதனை எழுதினான். இனி உலகத்தில் யார் அந்த லைப்ரரியில் கை வைத்தாலும் இந்த வயலைத் தாண்டித்தான் போக வேண்டும். சோதனைக்கு ஒரு பெயர் வைக்க வேண்டியிருந்தது. 'சாவித்திரி வயல்' என்று வைத்தான்.

'சாவித்திரி யார்?' என்று கேட்டார் ஆட்டுக்காரர்.

சாய்ந்த பயிர், தங்கையன், புதைந்த மிஷின், குக்கர் விசில் எல்லாவற்றையும் எழுதினான். தன் ஆங்கிலம் இத்தனை நீளத்துக்கு வரும் என்று அவனுக்கே அன்றுதான் தெரியும்.

'பெயர் அப்படியே இருக்கட்டும்' என்று பதில் வந்தது. திருத்தம் சேர்ந்துவிட்டது.

திருத்திய லைப்ரரி சொன்ன முதல் சேதி: புதன் பகல் முழுக்க வெயில், வியாழன் விடியற்காலையில் நல்ல மழை. மிஷின் புரோக்கர் இராஜாங்கத்துக்குப் போன் போட்டான்.

"சேத்துல புதையாத பெல்ட் மிஷின் ஒண்ணு புதன்கிழமை மட்டும் சும்மா இருக்கு தம்பி. மறுநாள் அது திருத்துறைப்பூண்டி போயிடும். ஆனா ஒண்ணு, தங்கையன் சரின்னு சொன்னாத்தான் நான் வண்டியக் கிளப்புவேன். போன தடவ டிரைவரு சேத்துல நின்னு எங்க அம்மா வரைக்கும் விசாரிச்சாரு."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஜெய்னுலாபுதீன் டீக்கடையில் தங்கையன் இருந்தார். குழுவில் சேதி வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. நெடுஞ்செழியன் அவர் எதிரில் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"வாங்க மாப்ளே" என்றார் தங்கையன். மரியாதை மிகையாக இருந்தது; நல்லதற்கில்லை. "இன்னைக்கு விசில் வரலியே?"

"நாளைக்கு மழை இல்ல மாமா. அறுத்துடலாம்."

"அப்ப நாளைக்குக் கட்டாயம் மழை. நான் வியாழக்கிழமை அறுக்குறேன்."

"வியாழக்கிழமை விடியக்காலமே மழை மாமா."

"அப்ப அன்னைக்குத்தான் வெயிலு. முடிஞ்சிபோச்சு." டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். "நீ சொல்றதுக்கு நேர் எதிரா செஞ்சா போதும்னு எனக்குப் புரிஞ்சிபோச்சு மாப்ளே. இவ்வளவு தெளிவா எனக்கு யாரும் வழி காட்டினதில்ல."

கடையில் சிரித்தார்கள். நெடுஞ்செழியனும் சிரித்தான், நன்றாகத்தான் இருந்தது. பிறகு மனு, காலிக் கட்டம், லண்டன், ஐந்தரை மணி எல்லாவற்றையும் சொன்னான். தன் முதல் திருத்தத்தில் உலகத்தையே ஒரத்தநாடாக்கியதையும் மறைக்கவில்லை. அதைக் கேட்டு ஜெய்னுலாபுதீன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். "நல்ல ஐடியாதானே தம்பி? ஏன் வேணாம்னுட்டாங்க?"

தங்கையன் மட்டும் சிரிக்கவில்லை. "நீ திருத்தினது சரியா தப்பான்னு பார்த்தது யாரு?"

"அதை எழுதினவர். கானான்னு ஆப்பிரிக்காவுல ஒரு நாடு மாமா."

"பேரு?"

"பேரு… தெரியாது."

"ஆளு எப்படி?"

நெடுஞ்செழியன் போனைக் காட்டினான். தங்கையன் ஆட்டைப் பார்த்தார். ஆடு தங்கையனைப் பார்த்தது.

"பேரு இல்ல. ஊரு ஆப்பிரிக்கா. மூஞ்சி ஆடு. இதை நம்பி என் வயல்ல மிஷின எறக்கணும்."

"எனக்காக இல்ல மாமா. அக்கா வயலு சாஞ்சு கிடக்கு. இன்னொரு மழை தாங்காது. நீங்க அறுக்கலைன்னா அது உள்ளயே கிடந்து முளைச்சிடும்."

தங்கையன் மிச்ச டீயைக் குடித்து முடித்தார். சாவித்திரி வயலின் மேல் அவருக்கு ஒரு பகையும் இல்லை. ஆனால் ஊர் நடுவில் வண்டி புதைந்து நின்றதும், அதை எல்லோரும் வீடியோ எடுத்ததும் அவரால் விழுங்க முடியாத சங்கதி.

"அந்த ஆளு வெள்ளாமை வெக்கிறவனா?" என்றார் கடைசியில். "கேளு."

அங்கே அப்போது முற்பகல். கேட்டதும் பதில் வந்துவிட்டது. நெடுஞ்செழியன் சத்தமாகத் தமிழில் படித்தான்: 'நான் பள்ளிக்கூட வாத்தியார். ஆனால் என் மாமா வீட்டு மக்காச்சோளத்தை வருஷா வருஷம் சாலையில்தான் காயப்போடுவோம். ஒரு வருஷம் மொத்தமும் நனைந்துபோயிற்று. அந்த வாரம்தான் இந்த லைப்ரரியை எழுத ஆரம்பித்தேன்.' கூடவே ஒரு படம் அனுப்பியிருந்தார்.

தங்கையன் போனை வாங்கிக்கொண்டார். தார் ரோடு. ஒரு பாதி முழுக்க மஞ்சளாகச் சோளம் பரத்தியிருந்தது. விரல் வைத்துப் பெரிதாக்கினார். ஓரத்துக்கு வந்து நிறுத்தினார்.

"கல்லு வெச்சிருக்கான் பாரு."

சோளத்தின் ஓரம் நெடுக, வண்டி ஏறாமல் இருக்க, கைக்கு அடங்கிய கற்கள் வரிசையாக இருந்தன. பட்டுக்கோட்டை ரோட்டில் நெல் காயப்போடுகிற எல்லோரும் வைக்கிற அதே மாதிரி, அதே இடைவெளியில்.

"கல்லு வெச்சும் பைக்குக்காரன் ஏத்துறானான்னு கேளு."

கேட்டான். 'பைக் மட்டுமா? லாரியே ஏறுகிறது. ஆனால் அதைவிடப் பெரிய எதிரி என் முகப்புப் படத்தில் இருக்கிறது. அந்த வருஷம் மழை விட்டுவைத்ததைத் தின்று தீர்த்தது அதுதான். பிடித்துப் படம் எடுத்தேன்.'

தங்கையன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். புரை ஏறிவிட்டது. ஜெய்னுலாபுதீன் தண்ணீர் கொடுத்தார்.

"களவாணியத்தான் படமா போட்டு வெச்சிருக்கானா! நல்ல ஆளுதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி மாப்ளே. காயப்போட்டு நனையவிட்டவன் மழையில வெளையாட மாட்டான். நாளைக்குப் பனி காஞ்சதும் வண்டிய வரச்சொல்லு. ஆனா ஒரு தூத்தல் விழுந்தாலும் சொல்லிட்டேன், சரிஞ்ச வரப்ப நீதான் மம்பட்டி புடிச்சுக் கட்டணும்."

"கட்டுறேன் மாமா."

"நீ கட்டி, அதை நாங்க பார்த்து… மழையே வந்துடலாம் போல இருக்கு."

புதன்கிழமை ஒரு தூற்றலும் விழவில்லை. தங்கையன் வயல் மதியத்துக்குள் முடிந்தது. சாவித்திரி வயலில் மிஷின் மெதுவாகத்தான் போயிற்று. சாய்ந்த பயிரை அது சாய்ந்த திசைக்கு எதிரே போய்த்தான் வாரி எடுக்க வேண்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் திரும்பி வந்து தொடங்க வேண்டும். சாவித்திரி வரப்பிலேயே கூட நடந்தாள். மிஷின் நின்றால் அவளும் நின்றாள். டிரைவர் எட்டிப் பார்த்து, "அம்மா, நீங்க வேணா ஓட்டுறீங்களா?" என்றார். "ஓட்டத் தெரிஞ்சா உங்கள எதுக்குக் கூப்பிடுறேன்? முன்னால பாத்து ஓட்டுங்க" என்றாள்.

பொழுது சாயும்போது களத்தில் நெல் குவிந்துவிட்டது. அடிப்பக்கத்தில் கொஞ்சம் கறுத்த மணிகள் இருந்தன, முளை இல்லை. சாவித்திரி குவைத்துக்கு வீடியோ போட்டு, போனைக் குவியலைச் சுற்றி ஒரு வலம் கொண்டுவந்தாள்.

"முடியாதுன்னீங்களே. இது என்ன, ஆத்து மணலா?"

அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று நெடுஞ்செழியனுக்குக் கேட்கவில்லை. சாவித்திரி மட்டும், "ம்… ம்… சரி, சாப்ட்டீங்களா?" என்று குரல் இறங்கிப் பேசிக்கொண்டே தள்ளிப் போனாள். அவன் தார்ப்பாயை இழுத்து மூட உதவினான். குழுவில் அன்றைய சேதி வந்தது. களத்தில் இருந்த எல்லா போன்களிலும் ஒன்றன்பின் ஒன்றாக விசில் அடித்தது.

வியாழக்கிழமை, பால்காரர் வருவதற்கு முன்பே நெடுஞ்செழியன் எழுந்துவிட்டான். வாசலுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தான். நட்சத்திரம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. அறுப்புக் காலத்தில் டெல்டா முழுக்க மழை வரக்கூடாது என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது, வந்தால் தேவலை என்று நிற்கிறவன் தான் ஒருவன்தான் என்று தோன்றியது. வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே இன்னொரு தடவை நிமிர்ந்து பார்த்தான்.

விடிந்து டீக்கடைக்குப் போனபோதும் வானம் வெளுத்தே இருந்தது. ஐந்தரை தாண்டி ஆறும் ஆகிவிட்டது.

"மாப்ளே" என்றார் தங்கையன். "மம்பட்டி வீட்டுல இருக்கா, இல்ல நான் தரட்டுமா?"

"நேத்து தூத்தல் விழுந்தாத்தானே மாமா வரப்பு? நேத்து விழலியே."

"நேத்து விழல, சரி. இன்னைக்கு விழும்ன. அதுவும் விழல. பாதி வரப்பு கட்டு."

"விடுங்க தங்கையா" என்றார் ஜெய்னுலாபுதீன். "மழை வந்தா என்ன, வராட்டி என்ன? நெல்லு களத்துக்கு வந்துடுச்சில்ல."

"பாய், நான் நெல்லப் பத்தியா பேசுறேன்? கொள்கையப் பத்திப் பேசுறேன்."

பேசிக்கொண்டே கண்ணாடி டம்ளரை வைக்கத் திரும்பினார். கிழக்கே, சவுக்குத் தோப்புக்கு மேலே, கறுத்த மேகம் ஒன்று யாருக்கும் சொல்லாமல் ஏறி வந்துகொண்டிருந்தது. கடையின் தகரக் கூரையில் ஒரு சொட்டு விழுந்தது. எல்லோரும் மேலே பார்த்தார்கள். இன்னொன்று விழுந்தது. அப்புறம் எண்ண முடியவில்லை.

"லேட்டா வந்தாலும் வந்துட்டான்யா!" என்று கத்திக்கொண்டே தங்கையன் வேட்டியை மடித்துக் கட்டிக் களத்துக்கு ஓடினார். பின்னாலேயே நெடுஞ்செழியன். சாவித்திரி ஏற்கெனவே களத்தில் இருந்தாள். காற்று தார்ப்பாயின் ஒரு மூலையைத் தூக்கிக்கொண்டிருந்தது; அவள் இந்தப் பக்கத்தைக் காலால் மிதித்துக்கொண்டு அந்தப் பக்கத்துக்குக் கை நீட்டினாள். எட்டவில்லை.

"ஊரே ஓடுது, நீ சிரிச்சிக்கிட்டு வர்றியே தம்பி. வெக்கமா இல்ல?"

"இருக்குக்கா."

"இருந்தா அந்த மூலையப் புடி. சிரிப்ப அப்புறம் வெச்சிக்கலாம்."

பிடித்தான். முழங்கால் போட்டு இழுத்துச் சொருகி, மேலே கல்லை நகர்த்தி வைத்தான். முதுகில் மழை அடித்தது. எதிர் மூலையில் தங்கையன், "இப்படி இல்ல மாப்ளே, உள்பக்கமா மடக்கு, உள்பக்கமா" என்று கத்தினார். உள்பக்கமாக மடக்கும்போது நெடுஞ்செழியன் கையைத் தார்ப்பாய்க்கு அடியில் விட்டுப் பார்த்தான். நெல்லில் நேற்றைய வெயிலின் சூடு இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.